ஏழாம் நம்பர் மேடு

"மண்டோரு மறுபடியும் உக்காந்துட்டாரு லா!"

பெர்னார்ட் மேலருந்து கத்தினான். ஏழாம் நம்பர் செம்பனை மேட்டுல ஏற ஆரம்பிச்சு பத்து நிமிஷம்கூட ஆகல. அதுக்குள்ள இது மூணாவது தடவ.

மலேசியாவுல பெடாஸ் பக்கத்து எஸ்டேட்டுக்காரங்க எட்டுப் பேரு ஜூன் மாசம் லடாக் போறாங்க. பதினோராயிரம் அடி உசரம், காத்து கம்மி. மூச்சுப் பழக தெனமும் காலையில மேட்டுல ஏறணும்னு பெரட்டு போட்டவரே தோட்டத்துல ஆளுங்கள வேல வாங்கி ரிட்டயரான மண்டோர் ஹேமநாதன்தான். அந்தக் காலத்து வேலைப் பெரட்டு மாதிரியே ஏழரைக்கு டாண்ணு பேர் கூப்பிடுவாரு.

"அந்தக் காலத்துல நாங்க தண்ணி குடிக்க நின்னா நேரம் பாப்பீங்களே மண்டோரே," சந்திரன் சீண்டினான். "இப்ப யாரு பாக்குறது?"

"நீயே பாரு. கையில வாட்ச் இருக்குல்ல."

சந்திரன் பொண்டாட்டி தாயம்மா மட்டும் மண்டோர் பக்கத்துலயே நின்னா. உக்காரல. துண்டால விசிறிக்கிட்டா.

"விடுங்க, பாவம். வயசாயிடுச்சு. நீங்கள்லாம் போங்க, நான் இவருக்குத் துணையா நிக்கிறேன்."

சந்திரனுக்கு நெஞ்சு நிமிந்துச்சு. பதினெட்டு வருஷம் தோட்டத்துக்கு மருந்தடிச்ச ஒடம்பு அவளுது. ஒரு நாள் உக்காந்ததில்ல.

சாயங்காலம் மீரா சாஹிப் கடையில, தாயம்மாவும் மண்டோரும் இல்லாம, பஞ்சாயத்து கூடுச்சு.

"அங்க போயி மண்டோரு படுத்துட்டா யாரு தூக்குறது?" பெர்னார்ட் கேட்டான். "எனக்கு முதுகு வலி. இப்பவே சொல்லிட்டேன்."

மண்டோர் வர வேணாம்னு முடிவாச்சு. அத அவருகிட்ட சொல்ற வேல சந்திரன் தலையில விழுந்துச்சு.

மறுநாள் மத்தவங்க வர்றதுக்கு முன்னாடியே, வெளுக்கிற நேரத்துல மேட்டடிக்குப் போனான்.

மேலருந்து யாரோ விறுவிறுன்னு எறங்கி வந்தாங்க. முதுகுல பத்து கிலோ அரிசி மூட்ட. கால் தடுமாறல. மூச்சு வாங்கல.

மண்டோர்.

"ரெண்டாவது ரவுண்டு," திருட்டுல மாட்டுனவரு மாதிரி சொன்னாரு.

"அப்ப எங்களோட ஏறும்போது மட்டும் ஏன்…?"

"தாயம்மாவுக்கு டாக்டர் என்னடா சொன்னாரு?"

"நுரையீரல் கொஞ்சம் வீக்கு. நின்னு நின்னு ஏறினா போலாம்னாரு."

"நிப்பாளா?"

சந்திரன் மேட்ட நிமிந்து பாத்தான்.

"என் கேங்குல ஒரு நாள் ஒருத்தருக்கும் பிந்தினவ இல்ல அந்தப் புள்ள. தனக்காக நிக்கவே மாட்டா. ஆனா பக்கத்துல ஒருத்தன் முடியாம உக்காந்தா, விட்டுட்டும் போக மாட்டா."

மூட்டையக் கீழ எறக்கினாரு.

"மருந்தடிக்கிற கேங்குல அவ பேரப் போட்டவன் நாந்தான் சந்திரா. அவகிட்ட எதையும் சொல்லிடாத. ஆமா, நீ எதுக்கு இவ்வளவு சீக்கிரம் வந்த?"

"சும்மா லா மண்டோரே. நடக்கலாம்னு."

அன்னிக்கு முதல் திருப்பத்துலயே சந்திரன் பொத்துன்னு உக்காந்தான். மண்டோரு கொஞ்சம் தள்ளி, அவனப் பாக்காம உக்காந்தாரு.

"உனக்கு என்ன லா?" மேலருந்து பெர்னார்ட்.

"முட்டி பிடிச்சுக்கிச்சு."

தாயம்மா ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு, இடுப்புல கைய வச்சு, நல்லா மூச்சு வாங்கிக்கிட்டா. அப்புறம் மேல பாத்துச் சத்தம் போட்டா.

"பெர்னார்ட்டு! யாரையும் விட்டுட்டுப் போற பேச்சே கூடாது. இந்த ரெண்டு ஆம்பளைங்களையும் லடாக்ல ஏத்தி எறக்குறது என் பொறுப்பு!"