மாதிரி வாக்கியங்கள்

“ராங்னா தப்புன்னுதானே டீச்சர் அர்த்தம்? அதை எப்படி ஒரு வினைச்சொல்லா எழுத முடியும்?”

கேட்டவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைப் பொத்தான்களுக்குக் காஜா எடுக்கிறவள். வயது நாற்பத்தைந்து. வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் வேலைக்கு இங்கிலீஷ் பரீட்சையாம். ஐந்து வாரமாக ஞாயிறு மதியம் தவறாமல் டீச்சரின் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து படிக்கிறாள்.

தனிக்கட்டையான டீச்சருக்கு இந்த ஒரு வருஷத்தில் கிடைத்த ஒரே மாணவி இவள்தான். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. இவள் மட்டும் தேறிவிட்டால் டியூஷனை விட்டு நின்றுபோன பிள்ளைகள் திரும்பி வருவார்கள், கெட்ட பேரும் கொஞ்சம் மறையும் என்று டீச்சர் நம்பிக்கொண்டிருந்தார்.

“எழுதலாம்மா. எந்தப் பாவமும் அறியாத ஒருத்தருக்கு நாம அநியாயம் பண்றோம் இல்லையா? அதுக்கும் இதே சொல்தான்.”

காஜா அம்மா யோசித்துவிட்டு நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி டீச்சர் பக்கம் நகர்த்தினாள். தன் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறதாம். டீச்சர் மாதிரி வாக்கியம் எழுதித் தந்தால் வீட்டில் பார்த்து எழுதிப் பழகுவாளாம். ஒவ்வொரு வாரமும் சொல்வதுதான். டீச்சருக்கும் தம் கையெழுத்தின்மேல் கர்வம் உண்டு. அதனால் நோட்டு முழுக்க டீச்சரின் எழுத்து மட்டுமே இருந்தது, அவள் எழுதியதாக ஒரு வரிகூட இல்லை.

அவள் தமிழில் சொல்ல, டீச்சர் அதை இங்கிலீஷில் எழுதினார்.

‘நான் ஒரு பெண்ணுக்கு அநியாயம் செய்தேன்.’

நான் என்பதற்குப் பதிலாக அவன், அவள் என்று போடலாமே என்று டீச்சர் சொல்லிப் பார்த்தார். பரீட்சையில் நான் என்றுதான் வருமாம். சரியென்று அடுத்த வரிக்குப் போனார்.

‘அவள் காப்பி அடிக்கவில்லை.’

பேனா நின்றது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காமல் என்ன செய்யும்?

இரண்டு வருஷத்துக்கு முன் பரீட்சை ஹாலில் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் பெஞ்சுக்கடியில் டீச்சர் ஒரு துண்டுத்தாளைக் கண்டெடுத்தார். தன்னுடையது இல்லை என்று அவள் காலில் விழுந்து அழுதாள். டீச்சர் கேட்கவில்லை. பள்ளிக்கூடமே பார்க்க அவளை வெளியே நிறுத்தினார். அன்று வீட்டுக்குப் போனவள் மறுநாள் உயிரோடு இல்லை. அதற்குப் பிறகுதான் டீச்சர் அவளுடைய விடைத்தாளை எடுத்து ஒப்பிட்டார். துண்டுத்தாளில் இருந்தது அவள் எழுத்தே இல்லை. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

பரீட்சைக்குப் போகிறவள் வாயில் காப்பி என்ற வார்த்தை வராமல் வேறென்ன வரும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு எழுதி முடித்தார். காற்றாடிக் காற்றில் புரண்ட தாளை எதிரே இருந்தவள் விரலால் அழுத்திப் பிடித்தாள்.

“அடுத்தது எழுதுங்க டீச்சர். ‘அது எனக்கு மறுநாளே தெரியும்.’”

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். “யாரும்மா நீங்க?”

“அவ அம்மா. ஸ்கூலுக்கு வந்து அழுதது அவ அப்பா. அதனால என்னை நீங்க பாத்திருக்க மாட்டீங்க. நீங்க ரெண்டு தாளையும் ஒப்பிட்டுப் பாத்துட்டுக் கிழிச்சுப் போட்டதை ஸ்கூல் ஆயா பாத்திருக்காங்க.”

குரலில் கோபமே இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போல இருந்தது. அதுதான் டீச்சரை இன்னும் பயமுறுத்தியது. மறுத்துப் பேச வாயெடுத்தார். மாறாக இரண்டு வருஷமாக நெஞ்சில் கட்டியாகக் கிடந்தது அழுகையாக உடைந்து வந்தது. மேஜைமேல் தலையைச் சாய்த்து விசும்பி விசும்பி அழுதார்.

அவள் தடுக்கவுமில்லை, தேற்றவுமில்லை. காத்திருந்தாள்.

டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். மறுநாளே தெரியும் என்ற வரியை எழுதினார். மிச்சத்தை யாரும் சொல்லித் தரவில்லை, தாமாகவே எழுதினார். ‘இந்தப் பாரத்தை இனி என்னால் சுமக்க முடியாது. இதற்கு நான் மட்டுமே பொறுப்பு. என்னை மன்னித்துவிடுங்கள்.’ கீழே முழுப்பெயரும் தேதியும் போட்டுக் கையெழுத்திட்டார். நெஞ்சு லேசாகிவிட்டது. இத்தனை சுலபமான காரியத்துக்கா இத்தனை நாள் தூக்கம் கெட்டோம் என்றுகூடத் தோன்றியது.

“இதை ஸ்கூல்ல குடுத்துடுங்கம்மா. நானும் நேர்ல வந்து எல்லார் முன்னாடியும் சொல்றேன். அவ மேல இருக்கிற பழி போகட்டும்.”

“ஸ்கூலுக்கு எதுக்கு டீச்சர்?”

காஜா அம்மா அந்தத் தாளைப் பிசிறில்லாமல் நோட்டிலிருந்து பிரித்தாள். மேஜையின் நடுவில் வைத்தாள். பறந்துவிடாமல் இருக்கத் தண்ணீர்த் தம்ளரை எடுத்து ஓரத்தில் வைத்தாள். பிறகு டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பி நடத்திக்கொண்டு போய், ஆறாவது மாடி பால்கனிக் கதவைத் திறந்தாள்.

“என் பொண்ணு ஒரு வரிகூட எழுதி வைக்காமப் போயிட்டா. நீங்கதான் எல்லாம் விவரமா எழுதி வச்சுட்டீங்களே, வாங்க.”