இந்த மாதம் திருட்டு: 0

"ஏழாம் நம்பர் யாரு? உள்ள வாங்க" என்று தலை நிமிராமலே கூப்பிட்டார் ஏட்டு.

கடற்கரை நுழைவாயிலில் இருந்த அந்தப் போலீஸ் உதவி அறைக்கு அவர் ஒருவர்தான் எல்லாம். ஒரு மேஜை, ஒரு பெஞ்ச், ஒரு பதிவேடு. வாசலில், போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி ஒரு பலகை: 'இந்த மாதம் திருட்டு: 0'. வெயிலில் மங்கிப்போகும் அந்தப் பூஜ்யத்தைத் தினமும் காலையில் பளிச்சென்று எழுதி வைப்பதும் அவர் வேலைதான்.

ஆறாம் நம்பர் இன்னும் போகவில்லை. ஊர் சுற்றிப் பார்க்க வந்த இளைஞன், 'கேமரா பை தொலைந்தது' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, நகலுக்காக பெஞ்சில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தான். பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியவனை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். ஆனால் இந்த அறையில் எதுவும் திருட்டுப் போவதில்லை, எல்லாம் தொலைந்துதான் போகும்.

ஏழாம் நம்பர் சீட்டை மேஜைமேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள் ஒரு பெண். வெளியே பலகைக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றிருக்க வேண்டும், முகம் வெயிலில் கன்றியிருந்தது. ஏட்டு ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி பதிவேட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். காலையிலிருந்து ஆறு பேரைச் சமாதானப்படுத்தி அனுப்பிய மனுஷன், பாவம்.

"என்ன போச்சு?"

"செயின் சார். என் கல்யாணத்துக்குப் போட்டது. பாப்பாவை ஸ்கூல்ல விட்டுட்டுத் திரும்பி வர்றேன், பூங்கா முனையில பைக்ல ரெண்டு பேர் வந்து அறுத்துட்டுப் போயிட்டாங்க."

"பாப்பாவுக்கு ஒண்ணும்..."

"அவளை விட்டுட்டு வர்றப்பதான்னு சொன்னேனே சார்."

ஏட்டு பேனாவைத் திறந்தார். பெயர், விலாசம் என்று எதையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, மேல் வரிகளைக் கடகடவென்று எழுதித் தள்ளினார். பன்னிரண்டு வருஷமாக இதே மேஜையில் எழுதித் தேய்ந்த கை. 'விவரம்' என்ற இடத்துக்கு வந்ததும்தான் நின்றது.

"கொக்கி கழண்டு விழுந்துடுச்சுன்னு எழுதிக்கலாம்" என்றார் மெல்ல.

அவள் துப்பட்டாவை விலக்கிக் கழுத்தைக் காட்டினாள். பின்கழுத்திலிருந்து தோள்வரை சிவப்பாக ஒரு கோடு, ரத்தம் கட்டியிருந்தது.

"கொக்கி கழண்டா இப்படி ஆகுமா சார்?"

ஏட்டு குரலை இறக்கிக்கொண்டார்.

"திருட்டுன்னு ஒண்ணு பதிவானா நாளைக்கே பேப்பர்ல வந்துடும். இப்பவே பாதி ஓட்டல் பூட்டிக் கெடக்கு. படகுக்காரங்க ஈ ஓட்டறாங்க. மிச்சம் வர்ற நாலு பேரும் வரலைன்னா இந்த ஊர் எதை வெச்சுப் பொழைக்கும்?"

"வர்றவங்களுக்காக ஒரு போர்டு வெச்சிருக்கீங்க, சரி. இங்கயே இருக்கறவங்களுக்கு என்ன வெச்சிருக்கீங்க?" அவள் கத்தவில்லை. கத்துவதற்கும் தெம்பு வேண்டுமே. "எங்க தெருவுல பதினோரு வீடு. இப்ப நாலு வீட்டுலதான் ஆள் இருக்கு. மாடி வீட்டு டீச்சர் போன வாரம் காலி பண்ணிட்டாங்க. பாப்பா வகுப்புல முப்பத்தஞ்சு பிள்ளைங்க இருந்துச்சு, இப்ப பதினாலு. எல்லாரும் கடல் காத்து ஒத்துக்காமலா போனாங்க?"

ஏட்டுக்குப் பதில் தெரியும். காலி செய்து போனவர்களில் பாதிப் பேர் இதே மேஜையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர்கள்தான்.

"செயின் திரும்பி வராதுன்னு எனக்குத் தெரியும் சார். உள்ளது உள்ளபடி எழுதுங்க, அது போதும். நடந்தது நெசம்னு நீங்க ஒருத்தர் ஒத்துக்கிட்டா, நானும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இந்த ஊர்லயே இருந்துடுவேன்."

ஏட்டு அந்தச் சிவப்புக் காயத்தை இன்னொரு முறை பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து 'அறுத்து' என்று ஆரம்பித்தார்.

மேஜையில் இருந்த போன் அடித்தது. இன்ஸ்பெக்டர்.

"யோவ், நாளைக்கு டூர் கம்பெனிக்காரங்க ஊரைப் பார்க்க வர்றாங்க. போர்டு எப்படியிருக்கு?"

ஏட்டு எழுந்து நின்றார். அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பூஜ்யம்தாங்க ஐயா."

போனை வைத்தார். எழுதிய சொல்லை அடித்தார். 'கொக்கி கழன்று விழுந்து தொலைந்தது' என்று எழுதி, பதிவேட்டைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார். முகத்தைப் பார்க்கும் துணிச்சல் அவருக்கு இல்லை.

அவள் பேனாவை வாங்கினாள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

"விடுங்கக்கா, எல்லாருக்கும் இதே கதைதான்" என்றான் பெஞ்சில் இருந்த இளைஞன்.

ஏட்டு பதிவேட்டை மூடப்போனார். அவள் அடுத்த வரியில் விரலை வைத்துத் தடுத்தாள்.

"இதையும் சேர்த்து எழுதிடுங்க சார்."

"இன்னும் என்ன தொலைஞ்சுது?" என்றார் அவர் அலுப்போடு.

"உங்க பொண்டாட்டியும் பொண்ணும். நாலு மணி பஸ்ல கிளம்பறோம்."