அந்த ஜன்னலைத் திறங்க!

பெரியவர் செருமிச் செருமித் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"இன்னிக்கு யாரு?" என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

"கப்பல் கேப்டன்."

"போன வாரம் பல் டாக்டர். அதுக்கு முந்தி பேங்க் மேனேஜர். பஸ் டிப்போல டயர் மாட்டின மனுஷனுக்கு வந்த வாழ்வைப் பாரு!"

"குறுக்கே பேசாதே. குரல் மாறிடும்."

டிவியில் வீடு விற்கிற நிகழ்ச்சி ஆரம்பித்தது. கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு, வாய் கொள்ளாத சிரிப்போடு பெரியவரின் தம்பி வந்தான். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் இரண்டு கையையும் விரித்து, "அடடா, என்ன காத்தோட்டம்!" என்பான். ஊரில் அவனுக்கு இப்போது காத்தோட்டம் என்றே பெயர்.

மனை அளக்கிறவர்களுக்கு டேப் பிடிக்கப் போனவன். அப்புறம் வீட்டு புரோக்கர். ஒருநாள் டிவியில் பேச வேண்டியவர் வரவில்லை என்று இவனை நிற்க வைத்தார்கள். நின்றவன் நின்றவன்தான்.

அதிலெல்லாம் பெரியவருக்கு வயிற்றெரிச்சல் கிடையாது. அப்படித்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கோபமே வேறு.

தம்பி தன் முதல் நிகழ்ச்சியில் காட்டியது அண்ணன் வீட்டைத்தான். நம் வீடு டிவியில் வருகிறதே என்று பெரியவரும் சலவைச் சட்டை போட்டு வாசலில் நின்று கையாட்டினார். ஒளிபரப்பான பிறகுதான் தெரிந்தது, 'வீடு எப்படிக் கட்டக் கூடாது?' என்பது அன்றைய தலைப்பு.

இன்ஜினியருக்கு எதற்குத் தண்டம் அழுவது என்று பெரியவரே கோடு போட்டுக் கட்டிய வீடு அது. கக்கூஸ் கதவைத் திறந்தால் அடுப்பு. மாடிப்படி ஏறிப் போனால் சுவர். கதவு வைக்க மறந்துவிட்டார். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது.

தம்பி மன்னிப்புக் கேட்க ஓடி வந்தான். பெரியவர் அவன் முகத்தில் அடித்தாற்போல் வாசல் கதவைச் சாத்தினார். "இந்த வீட்ல சரியான இடத்துல இருக்கிறது அந்தக் கதவு ஒண்ணுதான்" என்றாள் மனைவி. அதற்காகப் பெரியவர் அவளிடமும் கொஞ்ச நாள் கோபமாக இருந்தார்.

அன்றிலிருந்து அண்ணன் தம்பி பேச்சில்லை. ஆனால் நேயர்கள் போனில் கேள்வி கேட்கலாம் என்றதும் பெரியவருக்கு ஒரு வழி கிடைத்தது. போனைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு வாரா வாரம் கூப்பிடுவார். "இந்த ரூம்ல கட்டில் போட்டா மனுஷன் எங்கே நிப்பான்?" என்று குத்துவார். தம்பி நெளிவதைப் பார்த்தால்தான் அவருக்கு அந்த வாரம் ஜீரணம் ஆகும்.

"இந்த ஒரு வாரம் சும்மா இருங்களேன்" என்றாள் மனைவி. "உங்க தம்பி பொண்டாட்டி போன் பண்ணா. இன்னிக்குக் காட்டற கட்டடத்தைக் கட்டினவர்தான் நிகழ்ச்சிக்கே விளம்பரம் தர்றாராம். ஏதாவது ஏடாகூடமாச்சுன்னா உங்க தம்பிக்கு வேலை போயிடும்னு பயப்படறா."

"அப்படியா?" பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஐயோ, உங்ககிட்ட போய்ச் சொன்னேன் பாரு!"

லைன் கிடைத்துவிட்டது.

"வணக்கம், யார் பேசறீங்க?" டிவியில் தம்பி சிரித்தான்.

"கேப்டன். கப்பல் கேப்டன்."

"சொல்லுங்க கேப்டன் சார்! கடல்ல இருந்தா பேசறீங்க?"

"கரைக்கு வந்தாச்சு. நானும் அப்போலேர்ந்து பார்க்கறேன், உங்க முதுகுக்குப் பின்னாடி ஒரு திரை தொங்குது. நீங்க அந்த இடத்தை விட்டு நகரவே மாட்டேங்கறீங்க. அந்த ஜன்னலைத் திறங்க. உங்க காத்தோட்டத்தை நாங்களும் பார்க்கறோம்."

தம்பியின் சிரிப்பு நின்றது. கேமராவுக்குப் பக்கத்தில் யாரையோ பார்த்து லேசாகத் தலையசைத்தான்.

"கண்டிப்பா திறக்கணுமா சார்?"

"ஏன், கீல் துருப்பிடிச்சுப் போச்சா?"

தம்பி திரையை விலக்கி ஜன்னலைத் திறந்தான்.

பக்கத்துக் கட்டடத்துச் சுவர். கை நீட்டினால் தொடலாம். அதில் ஒட்டிக்கொண்டிருந்த பல்லி ஒன்று வீட்டுக்குள் எட்டிப் பார்த்தது.

"சுவர்தான் சார்" என்றான் தம்பி. "காத்து வராது."

சட்டென்று விளம்பரம் போட்டுவிட்டார்கள். விளம்பரம் முடிந்த பிறகு அவன் வரவில்லை. யாரோ தலைவலிக்கு மருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

"பார்த்தியா? எப்படி மடக்கினேன் பார்த்தியா?" பெரியவர் துள்ளிக் குதிக்காத குறை. மனைவி துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மத்தியானம் போன் அடித்தது.

"கேப்டன் சாருங்களா? டிவி நிகழ்ச்சிக்கு நேயர் போனை எடுக்கற பொண்ணு பேசறேன். அந்த நிகழ்ச்சியை நிறுத்திட்டாங்க சார். அவரையும் வேலையை விட்டு அனுப்பிட்டாங்க."

"பின்னே, ஊரை ஏமாத்தினா?" பெரியவர் குரலைக் கனமாக்கிக்கொண்டார். "ஆமா, நான் கேட்டப்பவே லைனைக் கட் பண்ணியிருக்கலாமே? அந்த அறிவு கூடவா இல்லை உங்களுக்கு?"

"கேமரா பக்கத்துல நின்னு கட் பண்ணத்தான் சார் போனேன். அவர்தான் வேண்டாம்னு தலையாட்டினார். எப்பவுமே உங்க போனை மட்டும் கட் பண்ண விடமாட்டார்."

பெரியவர் கையிலிருந்த கைக்குட்டை நழுவியது.

"கிளம்பும்போது என்கிட்ட வந்தார் சார். 'எங்கண்ணன் என்கூடப் பேசறதே இந்த நிகழ்ச்சியிலதான், இப்ப அதுவும் போச்சு. என் வீட்டு நம்பரை அவருக்குக் குடுத்துடும்மா, திட்டறதுக்காவது கூப்பிடட்டும்'னார். எழுதிக்கிறீங்களா சார்?"