தேய்ந்த பக்கம்

வீட்டுக்காரர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டுதான் அந்தக் கிட்டாரைத் தொட்டார். பெற்ற பிள்ளையைக்கூட அவர் இத்தனை பதமாகத் தூக்கியதில்லை.

பழைய கிட்டார்களாகச் சேர்த்துச் சேர்த்து ஓர் அறையே நிறைந்துவிட்டது. ஒன்றிலாவது ஒரு மெட்டு வாசிக்கத் தெரியுமா என்றால், அதை மட்டும் கேட்கக் கூடாது.

அந்த அறைக்கு ஏசி உண்டு. சுவரில் ஈரப்பதம் காட்டும் கருவி உண்டு. சமையலறை மின்விசிறி நின்றுபோனது மட்டும் அவர் கண்ணில் படவில்லை.

இன்றைக்குப் புது வரவைப் பார்க்க ஒரு நிபுணர் வந்திருந்தார். பழைய கிட்டார்களுக்கு வயது சொல்கிறவர். அவர் பார்த்து முடித்ததும் அது கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விடும். அப்புறம் யார் கையும் படாது.

அதற்குள் ஒரே ஒரு முறை மடியில் வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று வீட்டுக்காரரின் மனைவிக்குக் கை பரபரத்தது. காலையில் வாய் விட்டுக் கேட்டும் பார்த்தாள்.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று சிரித்தார் மனிதர்.

நிபுணரிடம் காபியை நீட்டினாள். வீட்டுக்காரர் முறைத்தார். கோப்பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து பார்த்துப் பழகிய முறைப்புதான்.

"ஊர் ஊராப் போய்ப் பாடினவரு வச்சிருந்தது சார். விரல் உரசி உரசியே மரம் எப்படித் தேஞ்சிருக்கு பாருங்க!"

விற்றவன் சொன்ன கதைக்கு இவர் கண், காது, மூக்கு வைத்துக்கொண்டிருந்தார்.

நிபுணர் தலையைச் சொறிந்தார். கம்பிகளுக்குக் கீழேதான் விரல் உரசும். மரம் தேயாமலிருக்க அங்கே ஒரு தகடு ஒட்டியிருப்பார்கள். இதில் தகடு பளபளவென்று அப்படியே இருந்தது. தேய்ந்து வெளுத்திருந்தது மேல்பக்கம்.

மேதைகளின் கையே தனி என்று அதற்கும் கூசாமல் ஒரு பதில் வைத்திருந்தார் வீட்டுக்காரர்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேதையாம், மேதை.

காபி கொண்டுவந்த தட்டைக் கீழே வைத்தாள். கையுறையெல்லாம் தேடவில்லை. கிட்டாரை எடுத்து, கழுத்துப்பகுதி வலப்பக்கம் வரும்படி மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"ஐயையோ, தலைகீழாப் பிடிச்சிருக்கா பாருங்க சார்!"

தேய்ந்த பக்கம் இப்போது கம்பிகளுக்குக் கீழே வந்திருந்தது. அவளுடைய இடது கை விரல்கள் அந்தத் தேய்மானத்தின் மேல், தேடாமலே, போய் உட்கார்ந்தன.

நிபுணர் மரத்தைப் பார்த்தார். அவள் விரல்களைப் பார்த்தார். காபி கோப்பையிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரர் மட்டும் இன்னும் கத்திக்கொண்டிருந்தார்.

கல்யாணமான புதிதில் அவளோடு ஒரு நீளமான கறுப்புப் பெட்டியும் இந்த வீட்டுக்கு வந்தது. இடத்தை அடைக்கிறது என்று அதைப் பழைய சாமான்காரனிடம் தூக்கிப் போட்டவர் அவர்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தடவையாவது திறந்து பார்த்திருந்தால்தானே.