நூற்றில் நான்கு

திரையில் எண்கள் ஏறிக்கொண்டிருந்தன.

எண்பத்தொன்பது. தொண்ணூற்றிரண்டு. தொண்ணூற்றைந்து.

நூறு வந்துவிடு என்று அவள் மனசுக்குள் சொன்னாள்.

தொண்ணூற்றாறில் நின்றது.

மேலே, பூமிக்கு வெளியே, தொலைநோக்கி இன்றைக்குத்தான் கண் திறந்திருந்தது. புற ஊதா ஒளியை மட்டும் பார்க்கும் கண். அந்த ஒளியில் பெரும்பகுதி தரைக்கு வருவதில்லை. காற்று அதை வழியிலேயே குடித்துவிடும். அதனால்தான் கண்ணை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள்.

முதலில் பார்த்தது ஒரு சின்ன வெள்ளை நட்சத்திரம். எரிந்து முடிந்து, சூடு மட்டும் மிச்சமிருப்பது. அது எவ்வளவு ஒளி தரும் என்று முன்பே கணக்கிட்டு வைத்திருந்தார்கள். அதைக் கொண்டுதான் கண்ணை அளப்பது.

நூறு வரவேண்டும்.

அறையில் எல்லோரும் கைதட்டினார்கள். வைத்திலிங்கம் சார் மட்டும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். தொலைநோக்கியின் கண்ணாடியைப் பராமரித்த குழுவுக்கு அவர்தான் தலைவர். அவள் அந்தக் குழுவில் இருந்தவள்.

நான்கு எங்கே போனது என்று அவளுக்குத் தெரியும்.

*

ஒன்பது மாதம் முன்பு. கண்ணாடியை மூடி அனுப்பும் நாள்.

கண்ணாடி இருந்த வெள்ளை அறைக்குள் எண்ணெய் கூடாது. பவுடர் கூடாது. பூ கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் போதும், புற ஊதா ஒளி அதிலேயே நின்றுவிடும். அதே குழுவில் இருந்த பெனிட்டா தன் லிப் பாமையும் நெல்லையப்பன் தலைவலித் தைலத்தையும் வாசலில் வைத்துவிட்டுத்தான் நுழைவார்கள். வைத்திலிங்கம் சாரே நெற்றித் திருநீற்றை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான்.

ஐந்து வருடமாக அவள் தலை காய்ந்து கிடந்தது.

அன்று காலை மகளுக்குக் காய்ச்சல். மூன்று வயது. சூடு இறங்கட்டும் என்று அவள் கணவன் குழந்தையின் உச்சியில் எண்ணெய் வைத்திருந்தான். வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அவள் மகளைத் தூக்குவதில்லை. குழந்தைக்கும் அது பழகியிருந்தது.

"இன்னிக்கும் தொடக் கூடாதாம்மா?"

தூக்கிக்கொண்டாள்.

குழந்தை அவள் கழுத்தில் தலையைப் புதைத்துத் தூங்கிப்போனது. இறக்கிவிட மனசு வரவில்லை.

பிறகு கழுத்தைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினாள். எண்ணெய் போய்விட்டது என்றுதான் தோன்றியது.

வெள்ளை அங்கி. முகமூடி. கையுறை. கண்ணாடிமேல் இருந்த காப்புத் தகட்டை எடுக்கும் வேலை அவளுடையது. மற்றவர்கள் பின்னால் நின்றார்கள்.

கழுத்து அரித்தது.

கையுறை விரல் தானாகப் போய்த் தொட்டுவிட்டு வந்தது.

வெளியே போய்க் கையுறை மாற்றி வர அரை மணி நேரம் ஆகும். யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள்.

தகட்டை எடுத்தாள். விரல் நுனி கண்ணாடியின் ஓரத்தை லேசாக உரசியது. குனிந்தபோது கண்ணாடிக்குள் இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. அவளுடையவைதான். அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மூடியை மூடினார்கள்.

*

அதன் பிறகு ஒரே கனவு.

இருநூறு வருடம் முன்பு அந்த வெள்ளை நட்சத்திரத்திலிருந்து கொஞ்சம் ஒளி கிளம்புகிறது. இருட்டில் வருகிறது. வழியில் மேகம் இல்லை. கூரை இல்லை. ஜன்னல் இல்லை. எதன்மீதும் படாமல், எங்கும் உட்காராமல், வந்துகொண்டே இருக்கிறது.

முதன்முதலாக அது தொடுவது ஒரு குழந்தையின் உச்சந்தலையை.

வெதுவெதுப்பாக இருக்கிறது. எண்ணெய் மணக்கிறது.

ஒளி அங்கேயே படுத்துத் தூங்கிவிடுகிறது. அவள் எழுப்பிப் பார்க்கிறாள். நீ போகவேண்டிய இடம் இன்னும் கொஞ்சம் தள்ளி என்கிறாள். அது புரண்டு படுக்கிறது.

கனவில் அவளுக்குப் பயமே இல்லை. விழித்த பிறகுதான்.

*

"நூறு வரணும். தொண்ணூத்தாறுதான் வருது," என்றார் வைத்திலிங்கம் சார். "மிச்சம் நாலு யாரு வீட்டுல இருக்கு?"

அறை முழுக்கச் சிரித்தது.

அவள் சிரிக்கவில்லை. காரணம் தெரிந்தால், இது இத்தோடு நின்றுவிடும் என்று நிம்மதியாக இருக்கலாம். தெரியாவிட்டால் அடுத்த மாதம் இன்னும் குறையுமோ, அதற்கடுத்த மாதம் இன்னும் குறையுமோ என்று அந்தக் கண் மூடும்வரை பயந்துகொண்டிருக்க வேண்டும்.

சொன்னால், வெள்ளை அறைக் கதவு இனி அவளுக்குத் திறக்காது. இரண்டாவது தொலைநோக்கியின் கண்ணாடி வரும் மாதம் வருகிறது. தொடப்போகிறவர்கள் பட்டியலில் அவள் பெயர்தான் முதலில்.

மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தாள்.

பக்கத்தில் பெனிட்டா உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளும் சிரித்திருக்கவில்லை. அவளுக்கு அந்தப் பக்கம் நெல்லையப்பன் நெற்றிப்பொட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று சுட்டதுபோல விரலை எடுத்தார். பிறகு அந்த விரலையே பார்த்தார்.

அவள் எழுந்தாள்.

"சார்."

அதே சொல் பக்கத்து நாற்காலியிலிருந்தும் வந்தது. அதற்கடுத்த நாற்காலியிலிருந்தும்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

வைத்திலிங்கம் சார் திரும்பவில்லை. திரையில் அந்தச் சின்னப் புள்ளி மினுங்கிக்கொண்டிருந்தது.

அவர் கை மெல்ல நெற்றிக்குப் போனது.