இருபதுக்கு இரண்டு, முப்பதுக்கு மூன்று

“மூணு போடு.”

அவள் போடவில்லை.

ஸ்பீடாமீட்டர் முள் முப்பதைத் தொட்டிருந்தது. தொட்டால் மூன்றாவது கியர். அது பக்கத்து சீட்டில் இருந்த கணவருடைய சட்டம். இருபதுக்கு இரண்டு, முப்பதுக்கு மூன்று, நாற்பதுக்கு நான்கு. வெள்ளைத் தாளில் எழுதி, அடியில் கையொப்பமும் இட்டு, ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டியிருந்தார். ரப்பர் ஸ்டாம்ப் ஒன்றுதான் குறை.

ஏற்காடு மலை அந்தத் தாளைப் படித்திருக்கவில்லை.

முதல் வளைவில் அவர் சொன்னபடி மூன்று போட்டுப் பார்த்திருந்தாள். வண்டி முக்கியது. பாதம் வழியே நடுக்கம் ஏறியது. சட்டென்று இரண்டுக்கு இறக்கினாள். வண்டி மூச்சுவிட்டுக்கொண்டு ஏறியது.

அதற்குப் பிறகு அவள் முள்ளைப் பார்க்கவில்லை. இன்ஜின் திணறினால் இறக்கினாள். இரைந்தால் ஏற்றினாள்.

“காது கேக்குதாடி? முப்பது ஆச்சு!”

அவருடைய இடது காலில் முழங்கால் வரை மாவுக்கட்டு. சாலைப் பாதுகாப்பு வார விழாவில், இருபத்தாறு வருடமாக வண்டியில் ஒரு கீறல் இல்லை என்று பேசிவிட்டு, போர்த்திய சால்வையோடு கூட்டத்தைக் கும்பிட்டபடியே மேடைப் படியைத் தவறவிட்டார்.

கிளட்ச் மிதிக்கிற கால்.

இல்லாவிட்டால் அவளுடைய லைசென்ஸ் இன்றைக்கும் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில்தான் கிடந்திருக்கும்.

மேலே, மலையில், ஓர் அரசுப் பள்ளி. பத்தரைக்குள் அவள் அங்கே கையெழுத்துப் போட வேண்டும். தலைமையாசிரியையாக.

அவர் அதே கல்வித்துறையில், அலுவலகத்தில். பதினெட்டு வருடமாகக் கண்காணிப்பாளர் ஆகப் போகிறவர்.

காலையில் வாசலில் நின்று நிபந்தனை போட்டிருந்தார்.

“மேல போய்ச் சேர்றதுக்குள்ள வண்டி ஒரே ஒரு தடவ ஆஃப் ஆனாலும் சாவி என் கைக்கு வந்துரணும். அப்படியே திரும்பிரலாம். ஒரு வண்டிய ஓட்டத் தெரியல, இவ பள்ளிக்கூடத்த ஓட்டப் போறாளாம்.”

“சாவிதானே? குடுத்துடறேன்” என்றாள்.

பதவி உயர்வு வேண்டாம் என்கிற கடிதம் அவர் சட்டைப்பையில் இருந்தது. அவரே தட்டச்சு செய்தது. அவள் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

ஐந்தாவது வளைவு.

ஒன்பதாவது வளைவு.

எதிரே ஒரு பஸ் இறங்கி வந்தது. அவர் பதறினார்.

“ரிவர்ஸ் எடு! ரிவர்ஸ் எடு! பஸ்ஸுடி அது!”

அவள் எடுக்கவில்லை. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. பஸ் ஓரம் கட்டி நின்றது. அதன் டிரைவர் கையை வெளியே நீட்டி, வாங்க வாங்க என்று ஆட்டினார். அவள் தலையசைத்துவிட்டுக் கடந்தாள்.

அவர் எங்கோ பள்ளத்தாக்கைப் பார்த்தார்.

பன்னிரண்டு.

வண்டி நிற்கவில்லை.

பதின்மூன்று. நிற்கவில்லை. அவர் நெற்றியில் வியர்வை. ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பதினான்காவது வளைவில் அவரால் முடியவில்லை.

“மூணுன்னா மூணு!”

எட்டிக் கியரைப் பிடித்தார். திடுக்கிட்டதில் அவள் கால் தானாகக் கிளட்சை மிதித்தது. அவர் தள்ளினார். இருபத்தாறு வருடம் இடது கையால் போட்ட கியர். வலது கைக்கு அது புதிது. தள்ளிய வேகத்தில் மூன்றைத் தாண்டிப் போய் ஐந்தில் விழுந்தது.

கிளட்சிலிருந்து அவள் கால் எடுத்ததும் வண்டி ஒருமுறை உதறியது.

நின்றது.



“பாத்தியா? நின்னுருச்சு.”

அவர் கை இன்னமும் கியரின் மேல்தான் இருந்தது. முகத்தில், அந்த மேடையில் சால்வை வாங்கியபோது இருந்த அதே களை.

“எனக்குத் தெரியும்டி. நீ வண்டிய நிறுத்திருவேன்னு எனக்கு அப்பவே தெரியும்.”

இடது கையால் கடிதத்தை எடுத்தார். வலது உள்ளங்கையைச் சாவிக்காக நீட்டினார்.

அவள் ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். கியரை ஒன்றில் விட்டாள். சாவியை உருவி, நீட்டிய உள்ளங்கையில் வைத்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

சாலையோரத்தில் கிடந்த கல்லை உருட்டி வந்து பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தாள். காலால் தட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

“எங்கடி போற? கையெழுத்து?”

“சாவி கேட்டீங்க. குடுத்துட்டேன்.”

பின்னால் சேலத்திலிருந்து வந்த பஸ் ஹாரன் அடித்தது. கை காட்டினாள். கண்டக்டர் கதவைத் திறந்தார். மணி ஒன்பது ஐம்பது.

பஸ் காரைச் சுற்றிக்கொண்டு ஏறியது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஜன்னலோரம் இடம் இருந்தது.

பதினைந்தாவது வளைவில் திரும்பியபோது கீழே காரின் கூரை தெரிந்தது. இடப்பக்கக் கண்ணாடி வழியே ஒரு கை மட்டும் வெளியே நீண்டிருந்தது. அதில் ஒரு வெள்ளைத் தாள் ஆடியது. ஹாரன் விடாமல் கேட்டது.

கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

“யாரும்மா அந்தாளு? தெரிஞ்சவரா?”

அவளுக்கு அது காதில் விழவில்லை. பஸ் திணறத் தொடங்கியிருந்தது. அவள் டிரைவரின் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிரைவர் இரண்டுக்கு இறக்கினார்.

ஒரு நொடி தாமதம் என்று பட்டது அவளுக்கு.