எட்டு மணி பஸ்

"ஓடி வர்றது கண்ணுக்குத் தெரியாமலா இருக்கும்? எல்லாம் திமிரு!"

மருந்துக்கடை வாசலில் யாரோ யாரிடமோ சொல்லிக்கொண்டு போனது மேனேஜரின் காதில் விழுந்தது. அவர் ஃபேக்டரி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது 'நம்ம தெரு' வாட்ஸ்அப் குரூப்புக்கு அட்மின்.

யாரைச் சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. எட்டு மணி பஸ்ஸுக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் டிரைவரைத்தான்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே குரூப்பைத் திறந்தார். அங்கே ஏற்கெனவே பற்றி எரிந்துகொண்டிருந்தது.

மாடி வீட்டுக்காரர் பால்கனியிலிருந்து எடுத்த வீடியோ ஒன்றைப் போட்டிருந்தார். முனை வீட்டுத் தையல்கார அம்மா பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுகிறார். ஒரு செருப்பு கழன்று பின்னால் விழுகிறது. கையை ஆட்டுகிறார். பஸ் நிற்காமல் முனையில் திரும்பிப் போயே போய்விட்டது.

'வயசுக்காவது மரியாதை வேண்டாமா?'

'கண்ணாடியில பார்க்கிறா. பார்த்துட்டேதான் போறா. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்க, தெரியும்.'

'பழைய டிரைவர் தங்கமான மனுஷன். கை காட்டினா வீட்டு வாசல்லயே நிறுத்துவார்.'

'நான் பல் தேய்ச்சுக்கிட்டே கை காட்டுவேன். வாய் கொப்பளிச்சுட்டு வர்ற வரைக்கும் நிப்பார்!'

இதற்கு மட்டும் வரிசையாகச் சிரித்த முகங்கள்.

தையல்கார அம்மா எதுவும் எழுதவில்லை. இந்தத் தெருவுக்குக் குடிவந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. தனி ஆள். மகள்கள் எங்கோ வேலையில் இருக்கிறார்கள் என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. குரூப்பில் மற்றவர்கள் போடுவதற்குக் கட்டைவிரலை உயர்த்துவதோடு சரி.

மேனேஜர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு டிப்போவுக்கு மனு எழுதினார். 'மேற்படி டிரைவரை எங்கள் வழித்தடத்திலிருந்து உடனடியாக மாற்ற வேண்டும்.' பாதிக்கப்பட்டவரின் கையெழுத்து முதலில் இருந்தால்தான் மனு எடுபடும். மனைவியையும் அழைத்துக்கொண்டு கிளம்பினார்.

தையல்கார அம்மா ஊசியைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்து நூல் கோத்துக்கொண்டிருந்தார். இரண்டு முறை தப்பியது. இவர்களைக் கண்டதும் எழுந்து நாற்காலியிலிருந்த துணிகளை அள்ளினார்.

"காலையில அப்படி ஓடினீங்களேம்மா, எங்க போக?"

"கண் ஆஸ்பத்திரிக்கு சார். டோக்கன் போயிடுச்சு. இனிமே அடுத்த மாசம்தான் வரச் சொல்லிட்டாங்க."

"பார்த்தியா!" மேனேஜர் மனைவியை முறைத்தார், ஏதோ மனைவிதான் பஸ்ஸை ஓட்டியதுபோல. "இதை இப்படியே விடக் கூடாது. அந்தப் பொண்ணை இந்த ரூட்டை விட்டே தூக்கணும். நீங்க முதல் கையெழுத்துப் போடுங்க."

"போட்டா வேலை போயிடுமா சார்?"

"வேலை எல்லாம் போகாது. ஆளில்லாத ரூட்டாப் பார்த்துத் தள்ளிவிடுவாங்க. அப்பத்தான் புத்தி வரும்."

"நான் ஸ்டாப்புக்கு வர்றப்பவே மணி எட்டு தாண்டிடுச்சு. தப்பு என் மேலதான்."

"ஒரு நிமிஷம் நின்னா குடியா முழுகிடும்?"

தையல்கார அம்மா ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

"முன்னாடி நாங்க கடைசி ஸ்டாப் பக்கம் குடியிருந்தோம் சார். இந்த பஸ் அங்க எப்ப வரும்னு கடவுளுக்கே தெரியாது. ஸ்கூல் பிள்ளைங்க மணி அடிச்சப்புறம் போய் கேட்டுக்கு வெளிய நிப்பாங்க. ஏன் லேட்டாகுதுன்னு இங்க வந்தப்புறம்தான் புரிஞ்சுது."

"அவங்க பழகினவங்கம்மா. நிப்பாங்க."

அதற்கு மேல் மேனேஜரின் மனைவியால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "ஒரு நிமிஷம் லேட்டா வந்தாலும் ஃபேக்டரி கேட்டைச் சாத்திடுவேன்னு மார் தட்டிக்குவீங்களே, அது?"

"அது டிசிப்ளின்டி! இது பஸ்!"

தையல்கார அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு கேட்டார். "அந்த வீடியோவை ஒரு தடவை காட்டுறீங்களா? என் போன்ல பொடிசாத் தெரியுது."

மேனேஜர் உற்சாகமாகத் தன் பெரிய போனை நீட்டினார். தையல்கார அம்மா வாங்கிப் பார்த்தார். மறுபடி போடச் சொன்னார்.

"கண்ணாடியில டிரைவர் பார்க்கிற இடம் வருதே, அங்க நிறுத்துங்க சார்."

"நல்லாப் பார்த்துக்குங்க. நாளைக்கு விசாரணைன்னு கூப்பிட்டா அடையாளம் சொல்லணும்."

திரையில் விரல் அளவுக்கு ஒரு முகம். தையல்கார அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்துவிட்டது.

"அழாதீங்கம்மா," என்றார் மேனேஜரின் மனைவி. "நாலு பேர் பார்க்க இப்படி விட்டுட்டுப் போனா யாருக்கும் மனசு கஷ்டப்படும்தான்."

"மனுவை வச்சுட்டுப் போங்க சார். யோசிச்சு குரூப்லயே சொல்லிடறேன்."

மேனேஜர் வீட்டுக்கு வந்து முகம் கழுவி உட்கார்ந்தபோது போன் ஒலித்தது. தையல்கார அம்மா. குரூப்பில் அவர் எழுதும் முதல் செய்தி. அதே வீடியோவைத் திரும்பப் போட்டிருந்தார். கீழே:

'கையெழுத்துப் போட மாட்டேன். ஓட்டுறது என் மூத்த மக. கண்ணாடியில பார்த்துட்டா, அம்மான்னு தெரிஞ்சும் நிறுத்தல. வீடியோ எடுத்தவருக்கு ரொம்ப நன்றி. எங்க சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பிட்டேன்.'